வால்பாறை ஏற்றத்தில் இன்ஜின் கொதித்தது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள்

ஆழியார்_பயணி | மே 9, இரவு 10:15

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு நடந்ததை முழுசாக எழுதுகிறேன், விட்டுப்போனது இருந்தால் கேளுங்கள்.

வண்டி 2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 1,08,000 கி.மீ. ஓடியது. அப்பா, அம்மா, மனைவி, பையனோடு வால்பாறைக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் வரை இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே அசையாமல் நின்றது. சோதனைச்சாவடி தாண்டி ஏ.சி.யோடுதான் ஏறினேன். ஐந்தாறு கொண்டை ஊசி வளைவு போவதற்குள் ஏ.சி. காற்று வெதுவெதுப்பாகிவிட்டது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ காட்சிமுனையில், வரையாடு பார்க்க ஆட்கள் வண்டியை நிறுத்தியிருந்ததால் நெரிசல். பத்து நிமிடம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். முள் விறுவிறுவென்று சிவப்புக்குப் போனது, பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பியது.

ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கினேன். ஒரு மணி நேரம் கழித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் மட்டமே தெரியவில்லை. குடிக்க வைத்திருந்த 2 லிட்டரை ஊற்றி, மெல்ல இறங்கி வீடு வந்து சேர்ந்தோம்.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்" என்றார்கள். இரண்டே நாளில் கடைவீதி நெரிசலில் மறுபடி முள் ஏறியது. இப்போது ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்ற வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். 26-ஆம் தேதி சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம், வால்பாறைக்கு இதே ஆட்களோடு போயாக வேண்டும். பணம் போனால்கூடப் பரவாயில்லை. மலையில் அம்மாவை வெயிலில் உட்கார வைத்தது மனதை விட்டுப் போகவில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும்?

பழைய_செட்டு | மே 9, இரவு 10:52

நண்பரே, தெர்மோஸ்டாட்டை எடுத்தது சரிதான். 15 வருடமாக என் வண்டியில் அது இல்லை. கூலன்ட்டும் கிடையாது, பச்சைத் தண்ணீர்தான். தண்ணீருக்கு மேல் சூட்டை இழுக்கும் பொருள் எது? ரேடியேட்டரை அடைப்பு எடுக்கக் கொடுங்கள், போதும்.

ஸ்பேனர்_நாமக்கல் | மே 10, காலை 6:30

தம்பி, 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பணத்தை எடுத்து வைக்கும் முன் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் கழுத்து வரை இருக்கிறதா? பக்கத்து ரிசர்வ் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது? இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

ஆயில் மூடியின் அடியில் பால் காபி மாதிரி ஏடு படிந்திருக்கிறதா? சைலன்சரில் வெள்ளைப் புகை வந்து, இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் இருக்கிறதா?

ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். சூடேறும் முன்பே கல் மாதிரி இறுகிப்போனால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு) வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

கடைசியாக ஃபேன். ஏ.சி. போட்டதும் சுற்ற வேண்டும். ஏ.சி. இல்லாமல் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால், சூடேறியதும் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றும்போது முன் கிரில்லுக்கு நேராக ஒரு செய்தித்தாள் பக்கத்தைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று இழுக்கிறது. கீழே விழுந்தால் ஃபேன் சுற்றினாலும் பயனில்லை.

கொதிநிலை | மே 10, காலை 9:05

பழைய_செட்டு அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. நான் வேதியியல் ஆசிரியர் என்பதால் இதை விட்டுவிட மனமில்லை.

ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். சரிபாதி கூலன்ட் கலவைக்கு ஏறக்குறைய 3.5 போதும். அதாவது சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. ஆனால் கூலன்ட் ஊற்றுவது அதற்கு மட்டும் இல்லை. இன்ஜினுக்குள் அலுமினிய ஹெட், பல வண்டிகளில் வார்ப்பிரும்பு பிளாக், ரேடியேட்டரில் மறுபடி அலுமினியம் என்று கலந்து கிடக்கின்றன. வெறும் தண்ணீர் இவற்றை அரிக்கும். அரிப்பைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. பம்ப் சீலுக்கும் அதுதான் நல்லது.

அடுத்தது கொதிநிலை. இங்கே மலை ஒரு வேலை செய்கிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் 1 டிகிரி இறங்கும். வால்பாறை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97-க்குள் கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் 95 டிகிரி தாண்டித்தான் சுற்றத் தொடங்குகிறது. அப்படியானால் எந்தக் காரும் மலையில் கொதிக்க வேண்டுமே, ஏன் கொதிப்பதில்லை? ரேடியேட்டர் மூடிதான் காரணம். அதில் 0.9 அல்லது 1.1 என்று எண் அச்சிட்டிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அத்தனை பார் அழுத்தத்தைக் கூடுதலாக உள்ளே அடைத்து வைக்கிறது. 0.9 என்றால் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். வீட்டு குக்கர் மாதிரிதான். விசில் வழியாக ஆவி கசியும் குக்கரில் பருப்பு வேகாது அல்லவா?

அதனால் ஆழியார் வரை ஒழுங்காக ஓடி, மலையேறும்போது கொதித்தது என்றதும் எனக்கு மூடியின் மேல்தான் சந்தேகம் வருகிறது.

ஆழியார்_பயணி | மே 10, மதியம் 1:40

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

ரிசர்வ் பாட்டில் மேல் கோட்டைத் தாண்டி நிரம்பி இருக்கிறது. ஆனால் ரேடியேட்டருக்குள் கழுத்துக்குக் கீழே நான்கு விரல் அளவு குறைவு! நேற்றுக் காலைதான் நிரப்பினேன். தண்ணீர் பழுப்பாக இருக்கிறது.

ஆயில் சுத்தம். புகை இல்லை. ஹோஸ் இறுகவில்லை.

ஃபேன் இரண்டு விதத்திலும் சுற்றுகிறது. ஆனால் செய்தித்தாள் நிற்கவில்லை, வழுக்கி விழுந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏ.சி. கண்டென்சருக்கும் (ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் முன்பக்க வலை) ரேடியேட்டருக்கும் இடையில் காப்பிப்பொடி நிறத்தில் ஏதோ மெத்தை மாதிரி படிந்திருக்கிறது. எங்கள் வீடு கயிறு மில்லுக்கு அடுத்த தெரு. தென்னை நார்த்தூளாக இருக்குமோ?

ஸ்பேனர்_நாமக்கல் | மே 10, மதியம் 2:20

இருக்குமோ என்ன தம்பி, அதேதான். பொள்ளாச்சி வண்டிகள் எங்களிடம் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். முன்பக்கம் இருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும், தூள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஏ.சி. காற்று வெதுவெதுப்பானது உங்களுக்கு வந்த முதல் எச்சரிக்கை. அந்த நேரத்திலேயே ஏ.சி.யை அணைத்திருந்தால் ஒன்பதாவது வளைவில் இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டீர்கள்.

பாட்டில் நிரம்பி, ரேடியேட்டர் குறைந்திருக்கிறது என்றால் ஆசிரியர் சொன்ன மூடிதான். அந்த மூடி இரண்டு வேலை செய்கிறது. சூடேறி தண்ணீர் விரியும்போது, அழுத்தம் எல்லை மீறினால் மட்டும் கொஞ்சத்தைப் பாட்டிலுக்கு விடும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும், அப்போது நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து பாட்டிலில் இருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்தால் போகும் தண்ணீர் போகும், திரும்பி வராது, பதிலாகக் காற்று நுழையும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு டம்ளர் என்று இன்ஜின் காலியாகிக்கொண்டே இருக்கும். பாட்டிலை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் நிறைந்திருப்பதாகத் தோன்றும். அதனால்தான் இரண்டையும் தனியாகக் கேட்டேன்.

மூடியைத் திருப்பி ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். புது மூடி வாங்கும்போது பழையதில் உள்ள அதே எண்தான் வாங்க வேண்டும். "கூட இருந்தால் நல்லது" என்று 0.9 இருந்த இடத்தில் 1.3 போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

அப்புறம் அந்தத் தெர்மோஸ்டாட். அதைத் திரும்ப வாங்கிப் போடுங்கள். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராது. பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும். இன்னொன்றும் உண்டு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறையட்டும் என்று கழற்றியதே சூட்டைக் கூட்டிவிடும்.

பழைய_செட்டு | மே 10, மாலை 4:45

பைபாஸ் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. என் வண்டி பழைய மாடல், ஃபேனே பெல்ட்டில் சுற்றுவது, அதனால் ஒத்துப்போயிருக்கலாம். ஆனால் என் ரேடியேட்டரை இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். அது பச்சைத் தண்ணீரின் வேலையா என்று இப்போது யோசிக்கிறேன்.

யாழ்_வான் | மே 10, இரவு 7:30

அண்ணா, தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. கேத்திலுக்குள் வெள்ளைப் படை எப்படிப் பிடிக்கிறதோ அப்படியே ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் பிடிக்கும். என் வானுக்குக் கிணற்றுத் தண்ணீரே ஊற்றி வந்தேன். கராஜில் ரேடியேட்டரைக் கழற்றி வெட்டிக் காட்டினார்கள். கீழ் வரிசைக் குழாய்களில் ஊசி நுழைய இடமில்லை. அன்றிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் தவிர வேறொன்றும் ஊற்றுவதில்லை. மலையில் ஆபத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஊருக்கு வந்ததும் அதை முழுதாக இறக்கிவிட வேண்டும்.

மதுரை_ஓட்டுநர் | மே 10, இரவு 9:10

சகோதரரே, உங்களுக்குக் குடும்பத்தோடு மறுபடி மலையேறும் வேலை இருப்பதால் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்க வேண்டாம்.

மூன்று வருடம் முன்பு, மேலூர் தாண்டிப் போகும்போது முள் சிவப்பைத் தொட்டது. பக்கத்தில் ஊர் வரட்டும் என்று ஓட்டினேன். இரண்டு கி.மீ.யில் முள் தானாகக் கீழே இறங்கிவிட்டது. "சரி, ஆறிவிட்டது" என்று நிம்மதியாகத் தொடர்ந்தேன். கொஞ்ச தூரத்தில் இன்ஜின் இழுக்க மறுத்து நின்றது. கீழ் ஹோஸ் கிளிப் கழன்று தண்ணீர் முழுக்கக் கொட்டியிருந்தது. முள்ளுக்குச் சூடு சொல்லும் சென்சார் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் வெறும் ஆவியில் நின்றதால் அது குறைத்துக் காட்டியது. ஹெட் வளைந்து, லேத்தில் மட்டமாகச் செதுக்கி (ஃபேஸிங்), கேஸ்கட் மாற்றி, 31,000 ரூபாய் ஆனது. ஒரு கிளிப்புக்காக!

ஏறிய முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் அது நல்ல செய்தி அல்ல. அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள்.

ஸ்பேனர்_நாமக்கல் | மே 10, இரவு 9:45

மதுரைத் தங்கச்சி சொன்னதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். வழியில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முள் நடுக்கோட்டை விட்டு ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகக் காற்றில் வையுங்கள். மே மாத வெயிலில் கொடுமைதான், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சின்ன ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை உங்கள் முகத்துக்கு அனுப்பிவிடும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பாதுகாப்பான இடம் வரை போகலாம். முள் சிவப்பைத் தொட்டாலோ, ஆவி வந்தாலோ இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம், ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்தால் பல கார்களில் ஃபேன் தொடர்ந்து சுற்றும்.

மூடியைத் தொடாதீர்கள். அழுத்தம் இருக்கும்வரை உள்ளே 110 டிகிரியிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், மூடியைத் திறந்த கணத்தில் ஒரு பங்கு ஆவியாகி, கொதிநீரையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். என் பட்டறைப் பையன் ஒருவனுக்குக் கழுத்தும் தோளும் வெந்துபோனதை நான் பார்த்தேன். குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கினால் தொளதொளவென்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தடித்த துணி போட்டு, முதல் கட்டம் வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கியபின் முழுதாகத் திறவுங்கள். ஜில் தண்ணீரைக் கொதிக்கும் இன்ஜினில் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

ஆழியார்_பயணி | மே 16, இரவு 8:20

ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். செய்ததைச் சொல்கிறேன்.

மூடியின் ரப்பர் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. அதே 0.9 எண்ணில் புதியது வாங்கினேன், 280 ரூபாய்.

பட்டறையில் பழைய தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்கினேன். அதில் 82 என்று பொறித்திருந்தது. சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றினேன். 83-இல் வாய் திறக்கத் தொடங்கியது. நல்ல பொருளைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்! புது கேஸ்கட் வைத்து மாட்டிவிட்டேன்.

தூளை எடுக்க ரேடியேட்டரின் மேல் பிடிகளைக் கழற்றிப் பின்னால் சாய்த்தோம். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸ் பைப்பால்தான் கழுவினேன். அரைப் பக்கெட் நார்த்தூள் வந்தது. இப்போது செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பழுப்புத் தண்ணீரை இறக்கி, தெளிவாக வரும்வரை நான்கு முறை கழுவி, கடைசியாக வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி ஊற்றினேன். நிரப்பிய பிறகு முள் ஒருமுறை எகிறிக் குதித்தது, பயந்துவிட்டேன்.

ஸ்பேனர்_நாமக்கல் | மே 16, இரவு 8:50

அது உள்ளே மாட்டிய காற்று. வண்டியின் மூக்கு மேலே இருக்கிற மாதிரி சரிவில் நிறுத்தி, ஜில் இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் திறந்து குமிழி நின்றதும் மூடுங்கள். சில இன்ஜின்களில் காற்று விட தனி ஸ்க்ரூ உண்டு, கையேட்டில் பாருங்கள்.

ஒருமுறை கொதித்த வண்டி என்பதால், மலைக்கு முன் பிளாக் டெஸ்ட் ஒன்று செய்துவிடுங்கள். நீலத் திரவம் உள்ள குழாயை ரேடியேட்டர் வாயில் வைப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும்.

கொதிநிலை | மே 16, இரவு 9:30

ஒரு வேண்டுகோள். இறக்கிய கூலன்ட்டை எங்கே விட்டீர்கள்? கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய், பூனை நக்கிவிடும், சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். பையன் இருக்கும் வீடு வேறு. வாசலில் சிந்தியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், மீதியைக் குளிர்பான பாட்டிலில் வைக்காதீர்கள்.

நிறத்தைப் பார்த்து மட்டும் மேலே ஊற்றவும் வேண்டாம். பச்சை, ரோஸ், நீலம் எல்லாம் கம்பெனிகள் விருப்பப்படி சேர்க்கும் சாயம். உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வகைதான் கணக்கு. ஒத்துவராத இரண்டு கலந்தால் கூழ் மாதிரி திரண்டு அடைத்துவிடும்.

ஆழியார்_பயணி | மே 27, இரவு 9:40

போய் வந்துவிட்டோம்!

பிளாக் டெஸ்டில் திரவம் நீலமாகவே இருந்தது. கிளம்பும் முன் ஓபிடி கருவி (காரின் கணினியில் உள்ள அளவுகளைப் போனுக்கு அனுப்புவது) ஒன்று வாங்கி போனில் சூட்டைப் பார்த்தபடி ஓட்டினேன். அது ஒரு பெரிய பாடம். 78 டிகிரியிலும் 102 டிகிரியிலும் டாஷ்போர்டு முள் அதே நடுக்கோட்டில்தான் நிற்கிறது. முள் நகர்வதற்குள் காலம் கடந்துவிடும் என்று இப்போது புரிகிறது.

சமவெளியில் 88. ஆழியாரில் ஏ.சி.யை அணைத்துவிட்டு, மூன்றாவது கியரில் திணறவிடாமல் இரண்டாவதிலேயே ஏறினேன். 94 முதல் 97 வரை. அதே ஒன்பதாவது வளைவில் அதே நெரிசல். 101 வந்தது, ஃபேன் சுற்றியது, 95-க்கு இறங்கியது. நாற்பது வளைவும் நிற்காமல் ஏறினோம். அம்மா லோம்ஸ் வியூவில் இறங்கி வரையாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

ஒரே ஒரு சந்தேகம். இன்று காலை ரேடியேட்டர் நிறைந்திருக்கிறது, ஆனால் பாட்டிலில் ஒரு செ.மீ. குறைந்திருக்கிறது. தரையில் சொட்டு இல்லை.

ஸ்பேனர்_நாமக்கல் | மே 27, இரவு 10:05

ரொம்ப சந்தோஷம் தம்பி. மீதி இருந்த காற்று வெளியேறியதால் குறைந்திருக்கலாம். ஆனால் வாட்டர் பம்ப்பின் அடியில் பென்சில் நுனி அளவு ஒரு ஓட்டை இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் நிறத்தில் காய்ந்த தடம் இருக்கிறதா?

ஆழியார்_பயணி | மே 28, காலை 7:10

இருக்கிறது அண்ணா. ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு, கையால் தொட்டால் பொடியாக உதிர்கிறது.

ஸ்பேனர்_நாமக்கல் | மே 28, காலை 7:35

அப்படியானால் பம்ப் சீல் கசியத் தொடங்கிவிட்டது. பட்டறைக்காரர் சொன்ன இரண்டில் ஒன்று சரி. அவரிடமே போய் அதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். உங்கள் இன்ஜினில் பம்ப் வெளி பெல்ட்டில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு, பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அதுவரை தினமும் காலையில் மட்டம் பாருங்கள், வெளியூர் வேண்டாம். இறக்கும் கூலன்ட் புதுசு, சுத்தமான கேனில் பிடித்துத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.